ஒய்-8 விமானத்துக்கு ஒரு ஜெபக் குறிப்பு

சித்தூர் கிரீம்ஸ்பேட்டையில் சுந்தர்சிங் வீடு எது என்று கேட்டால் உடனே சொல்ல ஆள் கிடைக்காது. ஏர்ஃபோர்ஸ் சிங் என்று கேட்டால் டீக்கடைக்காரரே தெருமுனை வரை வந்து கைகாட்டுவார். சுந்தர்சிங் இருபது வருஷம் விமானப்படையில் ஃபிட்டராக இருந்தவர். என்ஜின் அவருடைய வேலையல்ல. இறக்கை, வால், சக்கரம், கதவு என்று விமானத்தின் உடம்புதான் அவர் கைக்கு வரும். முதலில் ஆக்ராவில் ஏஎன்-12 பார்த்தார். அது படிப்படியாக ஓய்வு பெற ஆரம்பித்ததும் சண்டிகரில் ஏஎன்-32. இரண்டுமே சோவியத் யூனியன் கொடுத்த சரக்கு விமானங்கள். படையை விட்டு வந்தபின் ஊருக்கு வெளியே இருக்கும் மாங்கூழ் ஃபேக்டரியில் மெயின்டனன்ஸ் வேலைக்குச் சேர்ந்தார். அறுபது வயதாகியும் ஃபேக்டரி அவரை விடவில்லை.

ஞாயிறு ஆராதனை முடிந்ததும் ஆண்கள் கோயில் காம்பவுண்டில் கொஞ்ச நேரம் நிற்பார்கள். விமானத்தைப் பற்றிச் செய்தி ஏதாவது வந்திருந்தால் அவரிடம்தான் கேட்பார்கள். சீன விமானம் என்றால் அவருக்குத் தனி உற்சாகம். அவர்களுடைய ஒய்-8 வேறொன்றுமில்லை, நம்முடைய ஏஎன்-12தான் என்பார். அது பொய்யில்லை. அறுபதுகளில் சீனா சில ஏஎன்-12களை வாங்கியது. பிறகு ரஷ்யாவோடு உறவு கெட்டது. கையில் இருந்ததைப் பிரித்து அளந்து, தானே வரைபடம் போட்டு, 1974இல் ஒய்-8ஐப் பறக்கவிட்டது. இதுவரை அவர் சொல்வது சரி. இதற்குப் பிறகு சொல்வதெல்லாம் ஊகம். காப்பியடித்ததை எவன் வாங்குவான், வாங்கினவனும் மறுபடி வரமாட்டான் என்று முடிப்பார். கேட்பவர்கள் தலையாட்டுவார்கள். அந்தக் காம்பவுண்டில் ஏஎன்-12இன் வயிற்றுக்குள் நின்றிருந்த வேறு மனிதர் இல்லை.

அவருடைய ஒரே மகள் எப்சிபா திருப்பதியில் ஓர் ஆஸ்பத்திரியின் லேபில் வேலை பார்க்கிறாள். போன ஜனவரியில் அவளுக்கு ஒரு வரன் வந்தது. பையன் ஜெர்ரி. அவனுடைய தாய் ஜெபமணி, ஓய்வு பெற்ற நர்ஸ், கணவர் இல்லை, திருப்பதியில் சொந்த வீடு. ஜெர்ரி விமானப் பராமரிப்பு படித்துவிட்டு ஆப்பிரிக்காவில் வேலை செய்கிறான். அங்கே ஒரு அரசாங்கம் சீனாவிடம் வாங்கிய ராணுவ சரக்கு விமானங்களை ஒரு தனியார் கம்பெனி பராமரிக்கிறது. அந்தக் கம்பெனியில் அவன் இருக்கிறான். விமானம் ஒய்-8.

லீவில் வந்திருந்த ஜெர்ரியைக் கூட்டிக்கொண்டு ஜெபமணி சித்தூர் வந்தார். எப்சிபாவும் ஜெர்ரியும் அதற்கு முன்பே சில தடவை போனில் பேசியிருந்தார்கள். பிடித்திருக்கிறது என்று அவள் தாயிடம் சொல்லியிருந்தாள். தாய் கேசியா அதைக் கணவரிடம் சொல்லியுமிருந்தாள். எனவே அன்றைக்கு முடிவாக வேண்டியது அதிகம் இல்லை. காப்பி குடித்து, ஒரு ஜெபம் பண்ணி, நாள் பேசினால் போதும்.

விமானத்தின் பேர் காதில் விழுந்ததும் சுந்தர்சிங் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். பின் கதவு வழியாக லாரியை ஏற்ற, தனியாகக் கிடக்கும் இரும்புச் சாய்தளத்தைத் தூக்கி வந்து மாட்ட வேண்டுமே, அங்கே எத்தனை ஆள் தூக்குகிறீர்கள் என்று கேட்டார்.

"மாட்ற வேலையே இல்ல அங்கிள். ராம்ப் பிளேனோடவே இருக்குது. பட்டன் தட்டுனா எறங்கும்."

"ஏஎன்-12க்கு ராம்ப் கெடையாதுப்பா. கதவு ரெண்டும் உள்ளாற மேல மடங்கும். ஆக்ராவுல நானே தூக்கி மாட்டிக்கினு இருந்தேன்."

ஆரம்பத்தில் வந்ததில் அப்படித்தான், பிறகு சீனாக்காரர்கள் பின்பக்கத்தையே மாற்றிவிட்டார்கள் என்றான் ஜெர்ரி. ஏஎன்-12இன் சரக்கு அறையில் உயரத்தில் மூச்சு முட்டும், இதில் சரக்கு அறைக்கும் காற்றழுத்தம் உண்டு என்றான். சுந்தர்சிங் சிரித்தார். நீ வேறு விமானத்தைச் சொல்கிறாய் என்றார். பையன் வாதாடவில்லை. போனில் ஒரு படத்தை எடுத்து அவர் கையில் கொடுத்தான். விமானத்தின் பின்புறம் திறந்து, சாய்தளம் தரையில் இறங்கியிருந்தது. அதன்மேல் ஜெர்ரி காலை நீட்டி உட்கார்ந்து டிபன் பாக்ஸில் சாப்பிட்டுக்கொண்டிருந்தான்.

கேசியா எட்டிப் பார்த்தாள். "ஐய, கெடையாதுன்ன ராம்ப்பு உக்காந்து துன்ற அளவுக்குப் பெருசா இருக்குதே" என்றாள்.

எப்சிபா சிரித்துவிட்டாள். வாயை மூடிக்கொண்டு, தலையைக் குனிந்து, ஒரே ஒரு தரம். ஜெபமணி சிரிக்கவில்லை. ஜெர்ரியும் சிரிக்கவில்லை. சுந்தர்சிங் போனைத் திருப்பிக் கொடுத்தார். நாற்காலியைப் பழைய இடத்துக்கே பின்னால் தள்ளிக்கொண்டார். நாள் பேசலாமா என்று ஜெபமணி கேட்டபோது, ஜெபத்தில் வைத்துவிட்டுச் சொல்கிறோம் என்றார்.

அன்று சாயங்காலமே அவர் ஆரம்பித்தார். அந்த வேலை நிற்காது. சீனா இப்போது ஒய்-20 என்று பெரிய விமானம் செய்கிறது, அதற்கே முதலில் ரஷ்ய என்ஜினைத்தான் மாட்டினான், அதையும் வாங்க நாடுகள் வரிசையில் நிற்கவில்லை. விற்பனை நின்றால் அந்தக் கம்பெனி மூடும். மூடினால் பையன் ஆப்பிரிக்காவிலிருந்து பெட்டியோடு வந்து நிற்பான். கேசியா கேட்டுக்கொண்டே கீரையை ஆய்ந்தாள். பொண்ணுக்குப் பிடித்திருக்கிறது, பையன் மரியாதையாக இருக்கிறான், அங்கே விமானம் விற்றால் என்ன விற்காவிட்டால் என்ன என்றாள். உனக்கு அது புரியாது என்றார் அவர்.

ஈஸ்டருக்கு முந்தின லெந்து காலம் வந்தது. அந்த நாற்பது நாளும் சபையில் வெள்ளிக்கிழமைதோறும் ஒரு வீட்டில் ஜெபக்கூட்டம் நடக்கும். அப்படி ஒரு வெள்ளி, தையல் கடை வைத்திருக்கும் ரூபாவின் வீட்டில். பாட்டும் வேதவாசிப்பும் முடிந்ததும் ஒவ்வொருவராக ஜெபக் குறிப்பு சொல்வார்கள். ஒருவருக்கு முழங்கால் வலி, ஒருவருக்கு மகனின் பரீட்சை. சொன்னதை எல்லாரும் ஏற்றுக்கொள்வார்கள். ஜெபக் குறிப்புக்கு யாரும் எதிர்ப்பேச்சு பேசுவதில்லை. அது சரியா, நீ சொல்வது நியாயமா என்று கேட்கும் வழக்கமே இல்லை.

வீட்டில் கேசியாவிடம் ஜெயிக்க முடியாததை சுந்தர்சிங் அங்கே கொண்டுபோய் வைத்தார்.

"எம்பொண்ணு எப்சிபாவுக்கு திருப்பதியில இருந்து ஒரு எடம் வந்திருக்குது. பையன் சீனாக்காரன் பிளேன்ல வேல. அந்த பிளேன ஒருத்தனும் வாங்க மாட்டான், அந்த வேலையும் நிக்காது. எனக்குத் தெரியும். பொண்ணு புரியாம ஆசப்படுது. கர்த்தர் இந்தக் கதவ மூடணும்."

ஆமென் என்றார்கள். கேசியா ஆமென் சொல்லவில்லை. அதை அவர் கவனித்தார். கவனிக்காதது வேறொன்று.

லெந்து சனிக்கிழமைகளில் சங்கிலி ஜெபம் உண்டு. காலை ஆறு மணிக்கு சித்தூரில் ஒரு வீட்டில் ஆரம்பிக்கும். அந்த வீட்டார் ஒரு மணி நேரம் ஜெபித்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போன் செய்து, வெள்ளிக்கிழமை வந்த குறிப்புகளையெல்லாம் சொல்லி ஒப்படைப்பார்கள். அந்த வீடு முடித்து அடுத்ததற்கு. பழைய மிஷன் சபைகள் எல்லாம் இதில் சேர்ந்தவை. சித்தூரில் தொடங்கி சந்திரகிரி, திருப்பதி, வடமாலபேட்டை என்று போய் சாயங்காலம் புத்தூரில் முடியும். சுந்தர்சிங்குக்கு எப்போதும் முதல் மணி. முழங்காலில் நின்று ஜெபித்து, அடுத்த வீட்டுக்குச் சொல்லிவிட்டு, ஃபேக்டரிக்குப் போய்விடுவார். சங்கிலியின் மறுமுனையில் யார் இருக்கிறார்கள் என்று அவர் யோசித்ததே இல்லை. அந்த சனிக்கிழமையும் தன்னுடைய குறிப்பைத் தன் வாயாலேயே அடுத்த வீட்டுக்குச் சொல்லிவிட்டுத்தான் சட்டையை மாட்டினார்.

அடுத்த வாரம் எப்சிபா ஊருக்கு வந்தாள். அவர் பின்கட்டில் உட்கார்ந்து மிக்சியைப் பிரித்து வைத்திருந்தார். அவள் பையைக்கூட உள்ளே வைக்காமல் வந்து நின்றாள்.

"நைனா, சங்கிலி ஜெபத்துல திருப்பதி பத்து மணி யாருதுன்னு தெரியுமா உங்களுக்கு?"

தெரியாது என்றார்.

"ஜெபமணி ஆன்ட்டிது."

அவர் ஸ்க்ரூடிரைவரைத் தரையில் வைத்தார்.

"சந்திரகிரியில இருந்து போன் வந்திச்சாம். முழங்கால் வலி, பரீட்ச, அப்புறம் சித்தூர் சுந்தர்சிங் பிரதர் பொண்ணுக்கு வந்த எடம். யாருகிட்ட சொல்றோம்னு சொன்னவங்களுக்குத் தெரியல."

"அவங்க என்ன சொன்னாங்க?"

"ஒண்ணும் சொல்லல. ஜெபம் பண்ணாங்க. கைக்கு வந்த குறிப்பத் தட்டக் கூடாதுன்னு முட்டி போட்டு ஒரு மணி நேரம் பண்ணாங்களாம். அப்புறம் வடமாலபேட்டைக்குப் போன் போட்டு, ஒரு வார்த்த மாத்தாம குடுத்தாங்களாம். அவங்க புள்ள கல்யாணம் நடக்கக் கூடாதுன்னு அவங்க வாயாலயே."

அவள் அழவில்லை. பையை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். திருப்பதியில் அந்த சனிக்கிழமை மத்தியானமே ஜெபமணி அவளை ஆஸ்பத்திரி கேண்டீனில் பார்த்து, நடந்ததைச் சொல்லி, இனி இந்தப் பேச்சு வேண்டாம், உன்மேல் எனக்கு வருத்தமில்லை என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். இதை சுந்தர்சிங்குக்குச் சொன்னது கேசியா. சொல்லும்போது அவர் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்.

சுந்தர்சிங்கின் வெட்கம் முதலில் கோபமாகத்தான் வந்தது. தான் சொன்ன விதம் தப்பாக இருக்கலாம், சொன்ன விஷயம் தப்பில்லை என்று நிரூபித்துவிட்டால் போதும் என்று நினைத்தார். போனில் தேட ஆரம்பித்தார். விமானக் கண்காட்சி வீடியோக்களைப் பார்த்தார். புரியாத இங்கிலீஷை நிறுத்தி நிறுத்திப் படித்தார். ஒரு வேலையை எடுத்தால் அரைகுறையாக விடுகிற பழக்கம் அவருக்குக் கிடையாது. இந்த விஷயத்தில் அந்தப் பழக்கமே அவருக்கு எதிராகத் திரும்பியது.

ஏஎன்-12இன் உடம்பை நீட்டி, ஆறு இலை ப்ரொப்பெல்லர் போட்டு, காக்பிட்டை முழுக்க மாற்றி ஒய்-9 என்று செய்திருக்கிறார்கள். அதற்கு ஏற்றுமதி மாடல் தனியாக உண்டு. ஒய்-20க்கு ரஷ்ய என்ஜின் இருந்த இடத்தில் இப்போது சொந்த என்ஜின் வந்துகொண்டிருக்கிறது. மறுபக்கம், அவர் சொன்னதிலும் கொஞ்சம் உண்மை இருந்தது. சரக்கு விமானம் வாங்குகிற நாடுகள் இன்னும் அமெரிக்காவையும் ஐரோப்பாவையும்தான் முதலில் பார்க்கின்றன. சீனாவிடம் வாங்கினவை சில நாடுகள்தான். நாளைக்கு அது கூடலாம், கூடாமலும் போகலாம். படித்த அளவில் யாராலும் அதற்கு மேல் சொல்ல முடியவில்லை. 'எனக்குத் தெரியும்' என்று ரூபாவின் வீட்டில் சொன்ன அந்த ஒரு சொல்லைத் தாங்குவதற்கு இதில் எதுவும் போதவில்லை. அந்த ராம்ப் விஷயமும் அப்படியேதான் இருந்தது. அவர் மாதிரி ஆட்கள் ஆக்ராவில் தூக்கி மாட்டிக்கொண்டிருந்த காலத்திலேயே அங்கே அதை மாற்றி வரைந்துகொண்டிருந்தார்கள்.

மாம்பழ சீசனுக்கு முன்னால் ஃபேக்டரியில் மெஷின்களைப் பிரித்துச் சுத்தம் செய்வார்கள். கூழைக் காய்ச்சி இறுக்கும் மெஷின் இத்தாலியில் இருந்து வந்தது. புதிதாகச் சேர்ந்த மேனேஜர் நாகேந்திரன் அதற்கு ஒரு சீல் கேட்டு எழுதியிருந்தார். அந்தக் கம்பெனி எப்போதோ மூடிவிட்டது என்று பதில் வந்தது. அவர் பதறிப்போய் சுந்தர்சிங்கிடம் வந்து தெலுங்கும் தமிழும் கலந்து கேட்டார்.

"அண்ணா, மேக்கரே லேதுன்னு சொல்றாங்க. சீசன் டைம்ல நின்னு போச்சுன்னா ஏம் செய்யாலி?"

"மேக்கர் மூடுனா என்ன சார். மெஷின் இங்கதானே இருக்குது. இது ஓடற வரைக்கும் எனக்கு வேல இருக்குது" என்றார் சுந்தர்சிங், ஸ்பேனரிலிருந்து கண்ணை எடுக்காமல்.

சொன்ன பிறகு அவர் கை நின்றது. நாகேந்திரன் நிம்மதியாகப் போய்விட்டார். சுந்தர்சிங் மெஷினின் அடியிலேயே உட்கார்ந்திருந்தார். 1991இல் சண்டிகரில் ரேடியோவில் கேட்ட செய்தி நினைவு வந்தது. விமானத்தைச் செய்து கொடுத்த தேசமே இல்லாமல் போய்விட்டது. அன்றைக்கு ஹேங்கரில் யாரும் வேலையை நிறுத்தவில்லை. ஒன்றிலிருந்து கழற்றி இன்னொன்றில் மாட்டினார்கள், கான்பூர் விமானப்படைப் பட்டறையில் செய்து வாங்கினார்கள், எங்கெங்கிருந்தோ வரவழைத்தார்கள். அதற்குப் பிறகும் அவர் பல வருஷம் அதே விமானத்தில் சம்பளம் வாங்கினார். அந்தச் சம்பளத்தில்தான் கேசியாவைக் கட்டினார், எப்சிபா பிறந்தாள். அவருக்குப் பிறகு வந்தவர்களும் அதையே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். விற்பவனுக்குத்தான் அடுத்த விமானம் விற்க வேண்டும். பழுது பார்ப்பவனுக்கு ஏற்கெனவே விற்றது பறந்தால் போதும். இது தெரியாமல் பேசியிருந்தால்கூடப் பரவாயில்லை. உலகத்தில் வேறு எதுவும் தெரியாவிட்டாலும் இது அவருக்குத் தெரியும். தெரிந்ததை ஒரு சிரிப்புக்காகத் தள்ளி வைத்துவிட்டு, கடவுளின் பேரைச் சொல்லி மகளின் வாழ்க்கையில் கை வைத்தார். மெஷின் அடியில் இருட்டாக இருந்தது அவருக்கு வசதியாக இருந்தது.

அன்று திரும்பும் வழியில் தையல் கடையிலிருந்து ரூபா கூப்பிட்டாள். நல்ல மனுஷி. யார் சொன்ன ஜெபக் குறிப்பையும், பதில் வந்துவிட்டது என்று சொன்னவர்களே வந்து சொல்லும் வரை அவள் விடமாட்டாள்.

"அண்ணா, மறந்துட்டேன்னு நெனச்சிக்காதீங்க. தெனமும் விடிகாலயில உங்க பொண்ணு காரியத்த வச்சிக்கினுதான் இருக்கேன். கதவு மூடிடும்."

அவர் தலையாட்டினார். அதற்குமேல் அங்கே நிற்க முடியவில்லை.

ஞாயிறு ஆராதனைக்குப் போகாமல் அவர் திருப்பதிக்கு பஸ் ஏறினார். வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. ஜெபமணி சர்ச்சிலிருந்து அப்போதுதான் வந்திருந்தார். உட்காரச் சொன்னார், தண்ணீர் கொடுத்தார். சுந்தர்சிங் வழியெல்லாம் யோசித்து வைத்திருந்த பேச்சு வரவில்லை. ராம்ப் விஷயத்திலிருந்து ஆரம்பித்தார். பையன் சரியாகத்தான் சொன்னான் என்றார். மகள் சிரித்தது எனக்குத் தாங்கவில்லை என்றார். அதை வாய்விட்டுச் சொன்னபோது அது எவ்வளவு அற்பமாகக் கேட்டது என்று அவருக்கே தெரிந்தது. என்னை மன்னிச்சிடுங்கம்மா என்றார்.

ஜெபமணி முந்தானையால் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே கேட்டுவிட்டுச் சொன்னார்.

"எம்புள்ளயப் பத்தி நீங்க நேரா எங்கிட்ட சொல்லியிருந்தா சண்ட போட்டிருப்பேன். ஜெபமா வந்திச்சு. சண்டயும் போட முடியல, மாட்டேன்னும் சொல்ல முடியல. முட்டி போட்டேன். ஆமென்னும் சொன்னேன். அதுக்கு எங்கிட்ட மன்னிப்பு கேட்டு என்ன ஆவப்போது? புத்தூர் வரைக்கும் போயிருக்குது. கேட்ட எடத்துல போய் திருப்பி வாங்குங்க."

அப்படி வாங்கினால் கல்யாணப் பேச்சைத் தொடரலாமா என்று அவர் கேட்க நினைத்தார். கேட்கவில்லை. விலை பேசுவதுபோல ஆகிவிடும். ஜெபமணி வாசல் வரை வந்தார். ஜெர்ரி போனில் இதைக் கேட்டபோது, அங்கிளுக்கு ஏஎன்-12 மேல் அவ்வளவு பாசம் என்று மட்டும் சொன்னான் என்றார். திட்டியிருந்தால் சுலபமாக இருந்திருக்கும்.

பெரிய வெள்ளிக்கு முந்தின வெள்ளி, கூட்டம் சுந்தர்சிங்கின் வீட்டுக்கே வந்தது. எப்சிபா லீவு போட்டுவிட்டு வந்திருந்தாள். பாய் விரித்து எல்லாரும் உட்கார்ந்தார்கள். ஜெபக் குறிப்பு கேட்டபோது முழங்கால் வலிக்காரர் தேவலை என்றார். பரீட்சை முடிந்திருந்தது. பிறகு சுந்தர்சிங் எழுந்தார். குறிப்பு சொல்ல யாரும் எழுந்து நிற்பதில்லை என்பதால் எல்லாரும் அவரைப் பார்த்தார்கள்.

"ரூபா வூட்ல நான் ஒரு குறிப்பு சொன்னேன். அது ஜெபம் இல்ல. எனக்குத் தெரியும்னு சொன்னேன், எனக்குத் தெரியாது. தெரிஞ்சதையும் மறச்சேன். அந்தப் பையன் வேலையில ஒரு குறையும் இல்ல. நானும் அதே வேலையிலதான் சோறு துன்னேன். அவன் எனக்குத் தெரியாத ஒண்ணச் சொன்னான், எம்பொண்ணு சிரிச்சா. அவ்ளோதான் நடந்தது. நீங்க யாரும் இனிமே அத ஜெபத்துல வைக்க வேணாம். நாளைக்கு சங்கிலியில இதையும் இப்டியே குடுங்க. வடமாலபேட்டைக்கு, புத்தூருக்கு எல்லாம். ஒரு வார்த்த மாத்தாம."

யாரும் ஆமென் சொல்லவில்லை. இதற்கு ஆமென் சொல்வதா என்று தெரியாமல் விழித்தார்கள். ஜெபக் குறிப்பைத் திரும்ப வாங்கி அவர்கள் பார்த்ததில்லை. கோயில் காம்பவுண்டில் அவரிடம் விமானச் செய்தி கேட்கும் ஆண்கள் பாயின் கோரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் நின்றுகொண்டே இருந்தார்.

ரூபாவுக்குத்தான் நிஜமான சந்தேகம் வந்தது. கேலியில்லாமல் கேட்டாள்.

"அப்போ இனி என்ன வேண்டிக்கிறதுண்ணா? கதவு தெறக்கணும்னா?"

அவர் வாயைத் திறந்தார். திறக்கணும் என்று சொல்ல அவருக்கு ஆசையாக இருந்தது. ஆனால் அதுவும் தன் வாயிலிருந்து வந்தால் பழையபடி தன் குறிப்பாகத்தான் போகும் என்று தோன்றியது.

"அவளக் கேளுங்க" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

எல்லாரும் சமையலறைக் கதவருகே உட்கார்ந்திருந்த எப்சிபாவின் பக்கம் திரும்பினார்கள். அந்தக் கூட்டங்களில் அவள் இதுவரை குறிப்பு சொன்னதில்லை. அப்பாவைப் பார்க்கவில்லை. ரூபாவைப் பார்த்துச் சொன்னாள்.

"ஜெபமணி ஆன்ட்டி என்கூட மறுபடி பேசணும். அது போதும்."

கேசியா ஆமென் என்றாள். பிறகு மற்றவர்களும் சொன்னார்கள். தலைகள் குனிந்தன, ரூபா ஜெபத்தை ஆரம்பித்தாள். சுந்தர்சிங்கும் கண்ணை மூடினார். நாளை காலை ஆறு மணிக்கு முதல் வீடு அவருடையது. இரண்டு குறிப்புகளையும் அவர்தான் முழங்காலில் வைத்து ஜெபிக்க வேண்டும், அவர்தான் போன் செய்து அடுத்த வீட்டுக்குச் சொல்ல வேண்டும். பத்து மணிக்கு அது திருப்பதியில் யார் கைக்குப் போகும் என்று இந்தத் தடவை அவருக்குத் தெரியும்.